200 பேருக்கு ஒரு கொம்யூனா?

கேள்வி: நோர்வேயின் மேற்குக் கரைக்கு வெளியே உட்சீரா என்று ஒரு தீவு. சுமார் 200 பேர்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனி கொம்யூன், அதாவது தனி உள்ளாட்சி, தனித் தலைவர், தனி மன்றம். எங்கள் வரிப்பணம் இப்படித்தான் போக வேண்டுமா? பக்கத்தில் இருக்கும் கார்மோய் கொம்யூனோடு சேர்த்துவிட்டால் என்ன குறைந்துவிடும்? அடையாளம், அடையாளம் என்பதெல்லாம் வெறும் உணர்ச்சிப் பேச்சுத்தானே? சரி, அங்கே போய்ப் பார்க்கத்தான் ஏதாவது உண்டா?

(வாசகர், ஸ்டவாங்கர்)

பதில்: ‘பக்கத்தில் இருக்கும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, தவறு அங்கேதான் தொடங்குகிறது. கரையிலுள்ள ஹௌகசுன்ட் நகரில் படகேறினால் உட்சீராவில் இறங்க ஒரு மணி பத்து நிமிடம் ஆகும். மற்ற தீவுகளைப் போலக் கரையை ஒட்டி, ஃபியோர்டு எனும் குறுகிய கடல் நுழைவுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் தீவு இல்லை அது. நடுவில் இருப்பது திறந்த வடகடல், குளிர்காலப் புயலில் அந்தக் கடல் எப்படி இருக்கும் என்று ஸ்டவாங்கரில் வாழும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தீவின் பெயரிலேயே இது இருக்கிறது, முன்னால் நிற்கும் ‘உட்’ என்பதற்கு வெளியே என்று பொருள். வரைபடத்தில் விரல்நுனி அகலம் தெரிகிறது என்பதற்காக அதைப் பக்கம் என்று சொல்லிவிட முடியாது.

அப்புறம், நீங்கள் புதிய யோசனையாகச் சொல்லும் ‘சேர்த்துவிட்டால் என்ன’ ஏற்கெனவே நடந்து பார்த்த விஷயம். நோர்வேயில் உள்ளாட்சிச் சட்டம் வந்தது 1837இல். அதன்படி கொம்யூன்கள் உருவானபோது உட்சீராவைத் தனியாக விடவில்லை, கார்மோய்த் தீவின் வடபகுதியில் இருந்த தோர்வாஸ்தாத் என்ற கொம்யூனில்தான் சேர்த்தார்கள். ஏறக்குறைய 90 ஆண்டுகள் அப்படியே ஓடியது. உட்சீராவின் பள்ளிக்கு எவ்வளவு, ஏழைகளுக்கு எவ்வளவு, பாதைக்கு எவ்வளவு என்பதெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் முடிவானது. அதில் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால்கூட ஒருவர் படகை எடுத்துக்கொண்டு போக வேண்டும், கடல் விட்டால்தான் போகவும் முடியும். இத்தனைக்கும் இவர்கள் சும்மா கிடந்த ஊர்க்காரர்கள் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் ஹெர்ரிங் மீன் காலத்தில் சுற்றுவட்டாரப் படகுகளெல்லாம் வந்து மொய்த்த தீவு இது. 1844இல் அரசே இங்கே இரட்டைக் கலங்கரை விளக்கம் கட்டியிருக்கிறது. ஒருவழியாக 1924 ஜூலை 1 அன்றுதான் உட்சீரா பிரிந்து தனி கொம்யூன் ஆனது. அப்போது மக்கள்தொகை 400 போல.

அடுத்து நடந்ததை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் ‘என்ன குறைந்துவிடும்’ என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது. தனி கொம்யூன் ஆன மறுவருடம், 1925இல், தேர்தல். மன்றத்துக்கு 12 இடம். முடிவு வந்தபோது 11 இடங்களில் பெண்கள், ஒரே ஓர் ஆண். நோர்வேயில் அதற்கு முன் எங்கேயும் நடக்காதது. உள்ளாட்சித் தேர்தலில் எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தே அப்போது 15 ஆண்டுதான் ஆகியிருந்தது. 1901இல் வரி கட்டும் அளவு வருமானமோ, அப்படி வருமானமுள்ள கணவனோ இருந்த பெண்களுக்கு மட்டும் கொடுத்து, 1910இல்தான் எல்லோருக்கும் திறந்தார்கள். தலைநகரத்திலும் பெரிய நகரங்களிலும் பெண் உறுப்பினர்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த நாளில், இந்த மீனவத் தீவு தன் மன்றத்தையே பெண்கள் கையில் கொடுத்தது. அந்த மன்றத்தின் தலைவியாக வந்தவர் ஓசா ஹெல்கெசன், தீவின் மருத்துவச்சி. நோர்வேயின் முதல் பெண் கொம்யூன் தலைவர் அவர்தான், 1926 முதல் 1928 வரை பதவியில் இருந்தார்.

ஆண்கள் விளையாட்டுக்காகப் பெண்களின் பெயர்களை எழுதிப் போட்டார்கள், அது நிஜமாகிவிட்டது என்று ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டும். எப்படி வந்த பதவியாக இருந்தாலும் அதை ஏற்று நடத்தியவர்கள் அந்தப் பெண்கள்தான். ஒரு மருத்துவச்சிக்கு ஊரில் எந்த வீட்டில் என்ன கஷ்டம், எந்தக் குழந்தை இளைத்திருக்கிறது என்பதெல்லாம் தெரியும். அப்படிப்பட்ட ஒருவரைத் தலைவராக்க ஓர் ஊருக்குத் தனி மன்றம் இருந்தால்தான் முடியும். உட்சீரா அப்போதும் தோர்வாஸ்தாத்தின் ஒரு மூலையாகவே இருந்திருந்தால், ஓசா ஹெல்கெசனின் பெயர் இன்று நமக்குத் தெரிந்திருக்குமா?

அந்தத் தோர்வாஸ்தாத் என்ன ஆயிற்று என்று பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சிறு கொம்யூன்களை இணைக்கும் பெரிய அலை ஒன்று வந்தது, 1930இல் 747 ஆக இருந்த கொம்யூன்கள் 1960களின் இறுதிக்குள் 450 அளவுக்குச் சுருங்கின. அதில் 1965இல் தோர்வாஸ்தாத்தும் அக்கம்பக்கத்துக் கொம்யூன்களும் கரைந்து கார்மோய் என்ற ஒரே கொம்யூனாயின. பிரிந்து போன சிறிய தீவு நிற்கிறது, தாய் கொம்யூன் இல்லை! 2020இல் முடிந்த இன்னோர் அலையில் 428 கொம்யூன்கள் 356 ஆனபோதும் உட்சீரா தனியாகவே நின்றது, நாட்டிலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த கொம்யூனாக. கடல் நடுவில் இருப்பவர்களை வரைபடத்தில் ஓர் எல்லைக்கோட்டை அழித்து இணைத்துவிட முடியாது என்பதால்தான் நின்றது என்று நினைக்கிறேன்.

பணத்துக்கு வருகிறேன், அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால் சிறிய கொம்யூனுக்குச் செலவு அதிகம்தான். நோர்வேயில் சிறிய ஊருக்கென்று சின்னச் சட்டம் கிடையாது, ஏழு லட்சம் பேர் வாழும் ஒஸ்லோவுக்கு இருக்கும் அதே அடிப்படைக் கடமைகள் உட்சீராவுக்கும் உண்டு. தொடக்கப் பள்ளி, மழலையர் பள்ளி, மருத்துவம், முதியோர் பராமரிப்பு, குடிநீர் என எல்லாம். ஆனால் நீங்கள் சொல்வதுபோல நாளைக்கே கார்மோயோடு இணைத்தால் இதில் எது குறையும்? ஆறு வயதுப் பிள்ளையைத் தினமும் வடகடலைத் தாண்டிப் பள்ளிக்கு அனுப்புவீர்களா? பள்ளியும் மருத்துவரும் படகும் அப்படியே வேண்டும், செலவும் அப்படியே இருக்கும். மிச்சமாவது ஒரு தலைவரின் சம்பளமும் அலுவலகச் செலவில் கொஞ்சமும். அந்தச் சிறு தொகைக்காக ஓர் ஊரின் வாயை அடைக்கச் சொல்கிறீர்கள். வீண்செலவு என்ற சொல்லை நான் இதற்குப் பயன்படுத்த மாட்டேன்.

‘உணர்ச்சிப் பேச்சு’ என்பதில்தான் எனக்கு உங்கள்மேல் உண்மையாகவே வருத்தம். இந்தத் தீவின் பெயரை உலகம் எதற்கெல்லாம் எடுத்துக்கொண்டிருக்கிறது தெரியுமா? 1984 முதல் பிபிசி வானொலியின் கடல் வானிலை அறிவிப்பில் வட உட்சீரா, தென் உட்சீரா என்று இரண்டு கடற்பகுதிகள். ஸ்லெய்ப்னர் எரிவாயு வயலில் பிரித்தெடுக்கும் கரியமில வாயுவை 1996 முதல் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் டன் வீதம் கடலடிக்குக் கீழே செலுத்தி வந்தார்களே, அதை வாங்கிக்கொண்ட மணற்பாறை அடுக்கின் பெயர் உட்சீரா. 2010இல் கண்டுபிடித்த யோஹான் ஸ்வெர்ட்ருப் என்ற மாபெரும் எண்ணெய் வயல் இருப்பது ‘உட்சீரா மேடு’ என்ற கடலடி மேட்டில். மிதக்கும் காற்றாலைகளுக்காக 2020இல் அரசு திறந்துவிட்ட கடற்பரப்பும் உட்சீரா நூர்தான், வட உட்சீரா என்று பொருள், பரப்பு சுமார் ஆயிரம் சதுர கிலோமீட்டர். தீவின் பரப்போ ஆறு சதுர கிலோமீட்டர்.

அந்தக் கடலில் நாளைக்குக் காற்றாலைகள் எழும்போது கேபிள் எந்த வழியில் வரும், மீன்பிடி என்ன ஆகும், வேலை யாருக்கு என்று கேட்க வேண்டியிருக்கும். அரசு கருத்துக் கேட்கும்போது தன் பெயரில் பதில் எழுதும் உரிமை ஒரு கொம்யூனுக்கு இருக்கிறது. கார்மோயின் ஒரு வட்டாரமாக இருந்தால் அந்தப் பதிலை எழுதுபவர் 40,000 பேருக்கும் மேல் வாழும் ஓர் ஊரின் தலைவராக இருப்பார், அவருக்கு இருக்கும் நூறு கவலைகளில் உட்சீரா கடைசியில் நிற்கும். அடையாளம் என்று தீவுக்காரர்கள் சொல்வது இதைத்தான். காற்றாலை அவர்களுக்குப் புதிதும் இல்லை. 2004இலேயே காற்று மின்சாரத்தில் மிஞ்சியதை ஹைட்ரஜனாகச் சேமித்து, காற்றில்லாத நேரத்தில் பத்து வீடுகளுக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்த சோதனை இங்கேதான் நடந்தது.

கடைசியாக, பார்க்க என்ன உண்டு என்று கேட்டீர்கள். நிறைய. அக்டோபரில் போங்கள், வலசைப் பறவைகளின் காலம். இந்தச் சிறிய தீவில் இதுவரை 300க்கும் மேற்பட்ட பறவை இனங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். இரட்டைக் கலங்கரை விளக்கங்களில் ஒன்றை 1890இல் அணைத்துவிட்டார்கள், கோபுரம் நிற்கிறது. மற்றது இன்னும் எரிகிறது, கடல் மட்டத்துக்கு மேல் 78 மீட்டர் உயரத்தில், நோர்வேயிலேயே அதுதான் உயரம். வடக்கே ஒன்று தெற்கே ஒன்று என இரண்டு துறைமுகங்கள், நடுவில் கல்சுவர் கட்டிய வயல்கள், ஒரு பள்ளத்தாக்கு, எல்லாமே நடந்தே பார்க்கும் தூரம். காற்று பலமாக அடிக்கும் ஒரு நாளாகப் பார்த்து, படகில் வெளியே நின்றுகொண்டே போய்வாருங்கள். வந்தபிறகும் சேர்த்துவிடலாம் என்று தோன்றினால் மறுபடி எழுதுங்கள், போடுகிறேன்.