கிளவுட் பாட்டுப் பெட்டிக்குச் சந்தா கட்டலாமா? செங்கோட்டையிலிருந்து பதில்கள்

செங்கோட்டையில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தவன் நான். இப்போது பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தருகிறேன். சொந்தப் பாட்டுகளை ஒரு நிறுவனத்தின் சர்வரில் ஏற்றிவைத்து எங்கிருந்தும் கேட்கும் சேவைக்குப் பணம் கட்டலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள்.

தென்காசி: அண்ணாச்சி, என்னிடம் 4,000 பாட்டுகள் இருக்கின்றன. சந்தா கட்டலாமா?

முதலில் பெருக்கிப் பாருங்கள். நொடிக்கு 256 கிலோபிட் (கேபிபிஎஸ்) தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று பத்து எம்.பி.க்குச் சற்றுக் குறைவு. நாலாயிரமும் சேர்ந்து 40 ஜி.பி.கூட வராது, 64 ஜி.பி. மெமரி கார்டில் அடங்கிவிடும். ஒரே போனில் கேட்பவருக்குச் சந்தா எதற்கு? உங்கள் போன், வீட்டு டேப்லெட், பெங்களூரில் மகனின் கணினி என்று மூன்று இடத்தில் ஒரே தொகுப்பு வேண்டுமென்றால்தான் பேச்சே.

அடுத்து, எந்தப் பாட்டுகள்? திரைப்பாடல்கள் மட்டும் என்றால் அவை எல்லாச் செயலிகளிலும் கிடைக்கின்றன. கோயில் கொடை வில்லுப்பாட்டு, மாமா கல்யாண நாதஸ்வரம் போல எவரும் விற்காதவை இருந்தால் பதிவேற்றம் அனுமதிக்கும் சேவை வேண்டும். யூடியூப் மியூசிக்கில் ஒரு லட்சம் பாட்டுகள் வரை காசில்லாமலே ஏற்றலாம். கணினி பிரவுசர் வழியாக மட்டும். அதைப் பார்த்துவிட்டுப் பணப்பையைத் திறங்கள்.

ஆப்பிள் நிறுவனத்தின் ஐடியூன்ஸ் மேட்ச் சேவை 2011இல் அமெரிக்காவில் ஆண்டுக்கு 24.99 டாலருக்கு வந்தது. உங்கள் பாட்டு அவர்கள் கடையில் இருந்தால் அவர்களுடைய 256 கேபிபிஎஸ் பிரதியைத் தரும். இல்லாததை மட்டும் ஏற்றிக்கொள்ளும். இரைச்சலோடு 96 கேபிபிஎஸ்ஸில் வைத்திருப்பவருக்கு இது லாபம். அப்படி இறக்கிய கோப்பில் பூட்டு இல்லை. சந்தா முடிந்தாலும் பாடும். ஆப்பிள் மியூசிக் மாதச் சந்தாவில் இறக்குவது பூட்டுப் போட்டது. சந்தா நின்றால் அதுவும் நிற்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதிப்பேர் என்னிடம் வருகிறார்கள்.

எதைக் கட்டினாலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி, வேறு வீட்டில் ஒரு பிரதி.

புளியரை: சந்தா நின்றால் பாட்டு போய்விடுமா?

சர்வரில் இருப்பது கைக்கு எட்டாது. உங்கள் டிஸ்க்கில் இருப்பது இருக்கும். இடம் போதவில்லை என்று அதை அழித்துவிட்டீர்களா?

கடையநல்லூர்: என்னிடம் 3,000 பாட்டுகள்...

முதல் பதில். பெருக்குங்கள்.

புனலூர்: தினமும் செங்கோட்டை ரயிலில் வருகிறேன். குகைக்குள் பாட்டு அறுந்துபோகிறது.

ஏறுமுன் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலைக்குள் சிக்னலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஆரியங்காவு: நான் ஏற்றிய பழைய பாட்டு கிளவுட்டில் அரைக்கட்டை இறங்கி ஒலிக்கிறது. மாற்றிவிட்டார்கள்!

மாற்றியது உண்மை. உங்கள் பிரதிக்குப் பதில் அவர்களுடையதை வைத்திருக்கிறார்கள். ஆப்பிள் மியூசிக் தொடக்கத்தில் பெயரைப் பார்த்தே பொருத்தியதால், கச்சேரிப் பதிவு இருந்த இடத்தில் ஸ்டூடியோ பதிவு வந்து உட்கார்ந்த கதையெல்லாம் உண்டு. 2016இல்தான் ஒலியைக் கேட்டுப் பொருத்தும் முறையை அதில் கொண்டுவந்தார்கள். ஆனால் சுருதி இறங்கவில்லை என்பது என் ஊகம். உங்கள் கேசட் வேகமாக ஓடியிருக்கும். ஆறு சதவீதம் வேகம் கூடினால் அரைக்கட்டை ஏறிவிடும்.

கொல்லம்: நாற்பது வருடம் காதில் இருந்த சுருதிதான் அசல். கம்பெனிக்காரன் சொல்வதா அசல்?

சாரே, காது பழகியதைத்தான் அசல் என்கிறது. மின்சாரத்தில் ஓடிய மைக் செட்டில் பதிந்த கேசட் என்றால் அடியில் ஒரு 'ம்ம்ம்' கேட்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கணினியில் அந்த முனகல் 53இல் நின்றால் டேப் ஆறு சதவீதம் வேகமாக ஓடுகிறது. போன மாதம் ஒரு நாதஸ்வரப் பதிவை இப்படித்தான் இழுத்துச் சரிசெய்தேன், வாசித்தவரின் மகன் கேட்டுவிட்டு, "அப்பா இவ்வளவு நிதானமாகவா வாசித்தார்?" என்றார்.

தென்காசி, ஆர்மோனியம் வாசிப்பவர்: ஸ்டூடியோப் பாட்டில் முனகல் ஏது? இசைத்தட்டிலிருந்து கேசட்டுக்கு மாற்றியபோதே வேகம் மாறியிருக்கலாமே?

ஒப்புக்கொள்கிறேன், ஐயா. அங்கே என் சோதனை செல்லாது. கடைப் பிரதியே தவறான வேகத்தில் இருக்கவும் இடமுண்டு. ஆகவே ஆரியங்காவுத் தம்பி தன் பிரதியை டிஸ்க்கில் வைத்துக்கொள்ளட்டும், வேறு வீட்டில் இன்னொன்றும். கொல்லத்துச் சார் இன்னும் மூன்று முறை எழுதியிருக்கிறார், டீக்கடையில் பேசிக்கொள்ளலாம்.

கம்பம்: பாட்டுப் பெயர்கள் கிறுக்கலாகத் தெரிகின்றன.

பழைய எழுத்துரு முறையில் அடித்தவை; யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகும் பெயர் பாதியில் அறுந்தால் காரணம் வேறு. எம்.பி.3யின் பழைய பெயர்க்குறிப்பில் தலைப்புக்கு 30 பைட்தான் இடம். 'தில்லானா' ஒன்றே 24 பைட்டை விழுங்கிவிடும். புதிய வகைக் குறிப்பில் எழுதுங்கள்.

பாலக்காடு: ஸ்பாட்டிஃபை சந்தா இருக்கிறது. என் பாட்டை அதன் சர்வரில் ஏற்றலாமா?

முடியாது.

குமுளி: மலையாளப் பாட்டு எதில் அதிகம்?

அது என் துறை அல்ல. கொல்லத்துச் சாரைக் கேளுங்கள், மகிழ்வார்.

சுரண்டை: பெரிய நிறுவனம் பாதுகாக்காதா? ஏன் இத்தனை பிரதிகள்?

கூகுள் பிளே மியூசிக்கை 2020இல் மூடினார்கள். அமேசான் பாட்டுச் சேமிப்பை நிறுத்தியது. 2024இல் ஏர்டெல்லின் பாட்டுச் செயலி விங்க் போனது. தங்கள் கிளவுட் பாட்டு நூலகம் காப்புப் பிரதிச் சேவை அல்ல என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

அச்சன்கோவில்: தாத்தாவின் பஜனை, ஒரே ஒரு 90 நிமிடக் கேசட். போட்டால் சத்தம் மங்கலாக இருக்கிறது.

சந்தா பேச்சை நிறுத்துங்கள், அம்மா. கேசட்டை இனிப் போடாதீர்கள். டேப்புக்குப் பின்னால் இருக்கும் சிறு பஞ்சுப் பட்டை விழுந்திருக்கும். வேறு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டிவிடலாம். 90 நிமிட நாடா மெல்லியது, இழுத்தால் நீண்டுவிடும். மாற்ற முழுதாக ஒன்றரை மணி நேரம் ஆகும். பஸ்ஸில் வெயில் படாத பக்கம் வைத்துக் கொண்டுவாருங்கள். ஞாயிறு கடை இல்லை.