ஜிபிஎஸ் இல்லாம கடல்ல எங்க இருக்கோம்னு கண்டுபிடிக்கிறது: கேளுங்க, சொல்றேன்

கப்பல்ல செகண்ட் ஆபீசரா இருந்தவன், சார்ட்டும் (கடல் வரைபடம்) பென்சிலுமா பல வருஷம் ஓட்டியாச்சு. டெட் ரெக்கனிங் பத்தி என்ன வேணா கேளுங்க.

கே: சிம்பிளா சொன்னா என்ன சார் அது?
கடைசியா நிச்சயமா தெரிஞ்ச இடம், அங்கேருந்து எந்த திசை, என்ன வேகம், எவ்ளோ நேரம், அவ்ளோதான். காலைல 6 மணிக்கு சென்னை துறைமுக வாய விட்டு நேர் கிழக்க 8 நாட் வேகத்துல (ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல்) போறீங்க, எட்டரைக்கு 20 கடல் மைல் வந்திருப்பீங்க. சார்ட்ல கோடு போட்டு பக்கத்துல நேரத்த எழுதணும், நேரம் எழுதாத புள்ளி குப்பைக்குதான்.

கே: மீட்டர் எதுவும் இல்லாத போட்ல வேகம் எப்படி தெரியும்?
முன்னாடி நின்னு ஒரு மரத்துண்ட தண்ணில போடுங்க, அது பின்பக்கம் வர்ற வரைக்கும் செகண்ட் எண்ணுங்க. 9 மீட்டர் போட்ட 3 செகண்ட்ல தாண்டினா செகண்டுக்கு 3 மீட்டர், கிட்டத்தட்ட 6 நாட். அந்த காலத்துல 47 அடி 3 இஞ்சுக்கு ஒரு முடிச்சு போட்ட கயித்த கடல்ல விட்டு, 28 செகண்ட் மணல் கடிகாரம் காலியாகறதுக்குள்ள எத்தன முடிச்சு கை விட்டு போச்சுன்னு எண்ணுவாங்க, நாட்ங்கற பேரே அதுலேருந்து வந்ததுதான்.

கே: நீரோட்டம் இழுத்துட்டு போயிடுமே?
ஆமா, நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். நம்ம கிழக்கு கரைல மாசி பங்குனி வாக்குல நீரோட்டம் வடக்க போகும், ஐப்பசி கார்த்திகைல தெற்க திரும்பிடும். மேல சொன்ன ஓட்டத்துல 1 நாட் வடக்க இழுத்தா ரெண்டரை மணி நேரத்துல ரெண்டரை மைல் வடக்க ஒதுங்கியிருப்பீங்க, அதையும் சேர்த்து புள்ளி வைங்க. காத்து பக்கவாட்டுல தள்றது தனி கணக்கு.

கே: வேகத்த மட்டும் போன் ஜிபிஎஸ்ல பாத்துக்கலாமா?
பாக்கலாம், ஆனா அது தரைய வச்சு சொல்ற வேகம், நீரோட்டம் அதுக்குள்ளயே இருக்கு, மறுபடி கூட்டிடாதீங்க. அப்புறம் அந்த போன திசைகாட்டி பக்கத்துல வைக்காதீங்க ப்ளீஸ். ஒரு தடவ ட்ரெய்னி பையன் காந்தம் வச்ச டார்ச்ச அங்க ஒட்டிட்டு போயிட்டான், ஊசி 6 டிகிரி தள்ளி நின்னுச்சு. 60 மைலுக்கு 1 டிகிரி தப்புன்னா 1 மைல் விலகும், 6 டிகிரிக்கு 20 மைல்லயே 2 மைல். நல்லவேளை, பகல் நேரம்.

கே: நாள் கணக்குல இத நம்பி போகலாமா?
போயிருக்காங்க. 1916ல அண்டார்டிக் பயணி ஷேக்கில்டன் குழு 6 பேரு, ஏழு மீட்டர் கூட இல்லாத படகுல அண்டார்டிகா பக்கத்து எலிஃபண்ட் தீவுலேருந்து சவுத் ஜார்ஜியா தீவுக்கு சுமார் 800 கடல் மைல் போனாங்க, கணக்கு பாத்தவர் ஃபிராங்க் வோர்ஸ்லி. ரெண்டு வாரத்துக்கு மேல ஓடின பயணத்துல சூரியன் உயரத்த அளந்து இடத்த கணிக்க அவருக்கு சரியா வாய்ச்சது நாலே தடவ, மீதி எல்லாம் இந்த கணக்குதான். தப்பு நாளுக்கு நாள் வளரும்னு தெரிஞ்சதால, ஆளுங்க இருந்த வடகிழக்கு கரைய விட்டுட்டு மேற்கு பக்கமா தீவ பிடிச்சாங்க, தீவு தவறிட்டா மேல்காத்து அடிச்சிட்டு போயிடும், திரும்பவே முடியாது. கரை ஏறினப்புறம் மூணு பேரு மலைய நடந்தே தாண்டிதான் திமிங்கல வேட்டை முகாமுக்கு போய் சேர்ந்தாங்க.