பாலைவனப் பூங்காக்களில் ஒரு வாரம்: பாஸ், கார், தண்ணீர், அறை – எதற்குச் செலவழிக்கலாம்?

கேள்வி: நவம்பர் நடுவில் கோவையிலிருந்து பெரியவர்கள் நான்கு பேர் அமெரிக்கா போகிறோம். லாஸ் வேகாஸில் இறங்கி, கார் எடுத்து, ஒரு வாரத்தில் டெத் வேலி, ஜோஷுவா ட்ரீ, ஸயான், பிரைஸ் கேன்யன், கிராண்ட் கேன்யன் ஐந்தையும் பார்க்க ஆசை. பூங்காக்களுக்கான வருட பாஸ் வாங்குவது லாபமா?

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். 2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு வருட பாஸ் 80 டாலர், வெளிநாட்டவருக்கு 250 டாலர். அதோடு, பாஸ் இல்லாமல் வரும் வெளிநாட்டவர் 16 வயதோ அதற்கு மேலோ என்றால், கூட்டம் அதிகமுள்ள 11 பூங்காக்களில் நுழைவுக் கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 100 டாலர் கட்ட வேண்டும். உங்கள் பட்டியலில் ஸயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றும் அந்தப் பதினொன்றில் இருக்கின்றன. டெத் வேலியும் ஜோஷுவா ட்ரீயும் இல்லை.

ஆக, ஸயான் ஒன்றுக்கு மட்டும் பாஸ் இல்லாமல் போனாலே காருக்கு 35 டாலர், நான்கு பேருக்கு 400, மொத்தம் 435. காரில் வரும் நால்வருக்கும் சேர்த்து ஒரே பாஸ், 250. அந்த மூன்றில் ஒன்றை எட்டிப் பார்ப்பதாக இருந்தாலும் பாஸ்தான் லாபம். டெத் வேலி, ஜோஷுவா ட்ரீ இரண்டோடு நிறுத்திக்கொண்டால் காருக்கு 30 டாலர் வீதம் 60 டாலரில் முடிந்துவிடும். ஒவ்வொரு சீட்டும் ஏழு நாள் செல்லும்.

எங்கள் யோசனை: இரண்டோடு நிறுத்துங்கள். ஐந்தையும் சுற்றினால் 1,400 மைல் (சுமார் 2,250 கி.மீ.) வண்டிதான் ஓட்டுவீர்கள். நவம்பரில் மாலை நாலரை மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும். ஒவ்வொரு பூங்காவிலும் வாகன நிறுத்துமிடத்தையும் நினைவுப்பொருள் கடையையும் பார்த்துவிட்டு வருவதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை.

முதல் நாள் வேகாஸில் கார், சாமான் வாங்கல். அடுத்த நாள் பாரம்ப் வழியாக டெத் வேலியின் ஃபர்னஸ் க்ரீக். 120 மைல், இரண்டு மணி நேரம். அங்கே மூன்று இரவு. சப்ரிஸ்கி பாயின்ட் விடியலில், கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கும் பேட்வாட்டர் உப்புத்தரை மாலையில். டான்டிஸ் வியூவுக்கு ஏறும்போது ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். 5,475 அடி உயரம், கீழே வியர்த்தவர்கள் மேலே நடுங்குவார்கள். ஐந்தாம் நாள் ஷோஷோன், பேக்கர், கெல்ஸோ, ஆம்பாய் வழியாக ட்வென்டிநைன் பாம்ஸ் ஊருக்கு இறங்குங்கள். சுமார் 245 மைல். ஜோஷுவா ட்ரீயின் வடக்கு வாசல் அங்கேதான். அங்கே இரண்டு இரவு, பிறகு மூன்றரை மணி நேரத்தில் வேகாஸ் திரும்பிவிடலாம். கெல்ஸோ வழிச் சாலைகள் வெள்ளத்தில் அரித்துப்போய் மூடப்படுவதுண்டு, புறப்படும் காலையில் மொஹாவே தேசியக் காப்பகத்தின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. டெத் வேலியில் வழிமறித்துக் காசு வாங்கும் வாயில் கிடையாது. இலவசம் என்று நினைத்துப் பலர் ஓட்டிக்கொண்டே போய்விடுகிறார்கள். சாலையோர இயந்திரத்திலோ பார்வையாளர் மையத்திலோ நீங்களாகக் கட்டி, சீட்டைக் கண்ணாடியோரம் வைக்க வேண்டும். ரொக்கம் வாங்க மாட்டார்கள், கார்டு மட்டும்தான்.

கேள்வி: பாலைவனம் என்பதால் ஃபோர் வீல் டிரைவ் எஸ்யூவிதான் எடுக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு வாரத்துக்கு 300 டாலர் கூடுதலாகிறது. தேவையா?

தேவையில்லை. மேலே சொன்ன இடங்கள் அத்தனைக்கும் தார்ச்சாலை இருக்கிறது. எஸ்யூவியோ சின்ன செடானோ, வாடகை ஒப்பந்தத்தைப் படித்தால் தார் போடாத சாலையில் ஓட்டக்கூடாது என்று ஒரு வரி இருக்கும். மீறினால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சேதப் பாதுகாப்பு அந்த நிமிடமே செல்லாது. நான்கு சக்கரமும் சுழலும் வண்டிக்குப் பணம் கட்டி, அதைப் பயன்படுத்த அனுமதியும் இல்லாமல் தார்ச்சாலையில் ஓட்டப் போகிறீர்கள். நான்கு பேருக்கும் பெட்டிகளுக்கும் இடம் வேண்டும் என்றால் பெரிய கார் எடுங்கள், அது வேறு விஷயம்.

கற்கள் தானாக நகர்ந்து தடம் விடும் ரேஸ்ட்ராக் என்ற இடத்தைப் பார்க்கத்தான் பலரும் எஸ்யூவி கேட்கிறார்கள். யூபிஹீபி எரிமலை வாயிலிருந்து அதற்கு 27 மைல் கல்பாதை. அந்தக் கற்கள் கூரானவை, சாதாரண டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். பக்கச் சுவர் கிழிந்தால் பஞ்சர் ஒட்ட முடியாது. போன் சிக்னல் கிடையாது, இழுவை வண்டிக் கூலி ஆயிரம் டாலரைத் தாண்டும். அதைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால், ஃபர்னஸ் க்ரீக்கில் இதற்கென்றே தடித்த டயர் போட்ட ஜீப்பை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். அதை ஒரு நாள் எடுங்கள்.

கார் எடுக்குமிடத்தில் கவனம் டயரில் இருக்கட்டும். டிக்கியைத் திறந்து, தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். புதிய கார்கள் பலவற்றில் ஸ்டெப்னி இருக்காது. ஒரு சின்னக் காற்றடிப்பானும் பசை டப்பாவும் மட்டும் கிடக்கும். அந்தப் பசை ஆணி குத்திய ஓட்டையை அடைக்குமே தவிர கிழிசலை அடைக்காது. ஸ்டெப்னி இருக்கும் வண்டி வேண்டும் என்று அங்கேயே கேளுங்கள். வரிசையில் நிற்கும் வண்டியை மாற்றித் தருவது அவர்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. அமெரிக்க கால் டாலர் நாணயத்தில் வாஷிங்டனின் தலை கீழே இருக்குமாறு டயரின் பள்ளத்தில் செருகுங்கள். தலையின் உச்சி பள்ளத்துக்குள் மறைய வேண்டும். உச்சி தெரிந்தால் டயர் தேய்ந்துவிட்டது. காற்றழுத்தத்தைக் காலையில் வண்டியை நகர்த்துவதற்கு முன் பாருங்கள், சரியான அளவு ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். வெயிலில் ஓடிய டயரில் அழுத்தம் ஏறித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

கவுன்டரில் "அதே விலைக்கு மின்சாரக் கார் தருகிறோம்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பேக்கர், பீட்டி போன்ற ஊர்களில் வேக சார்ஜர் உண்டு. ஆனால் பழகாத வண்டி, பழகாத ஆப், இடையே நூறு மைல் வெற்றிடம் மூன்றையும் விடுமுறையில் ஒருசேரச் சமாளிக்க வேண்டாம்.

கேள்வி: கார் இன்சூரன்ஸ் எது எடுப்பது? இந்திய லைசென்ஸ் போதுமா?

இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எடுத்த காருக்கு ஆகும் சேதத்துக்கு ஒன்று. நீங்கள் இடித்தால் எதிராளிக்கு ஆகும் காயத்துக்கும் சேதத்துக்கும் இன்னொன்று. கவுன்டரில் முதலாவதைத்தான் விடாமல் விற்பார்கள். இந்தியாவிலிருந்து போகிறவருக்கு ஆபத்து இரண்டாவதில் இருக்கிறது. நெவாடா மாநிலத்தின் குறைந்தபட்சப் பொறுப்புத் தொகை ஒரு ஆளின் காயத்துக்கு 25,000 டாலர். அமெரிக்க மருத்துவமனையில் ஒரு எலும்பு முறிவுக்கே அது காணாது. உள்ளூர்க்காரர்களுக்குச் சொந்தக் கார் இன்சூரன்ஸ் கைகொடுக்கும், உங்களுக்கு அது இல்லை. கூடுதல் பொறுப்புக் காப்பீடு கட்டாயம் வேண்டும்.

முன்பதிவு செய்யும்போது வசிக்கும் நாடு இந்தியா என்று தேர்ந்தெடுத்து விலை பாருங்கள். வெளிநாட்டவருக்கான விலையில் பெரும்பாலும் இந்த இரண்டும் சேர்ந்தே வரும். உறுதிச்சீட்டில் இரண்டின் பெயரும் அச்சாகியிருக்கிறதா பார்த்து, தாளில் எடுத்துப் போங்கள். கவுன்டரில் "உங்களுக்குக் காப்பீடே இல்லையே" என்று தொடங்கினால் அதைக் காட்டி, ஒரு கையெழுத்துக்கு முன் மொத்தத் தொகையைப் படித்துவிடுங்கள். பெட்ரோலுக்கு முன்பணம் கட்டும் திட்டம் வேண்டாம். டேங்க்கை முழுக்கக் காலியாக்கித் திருப்பினால் தவிர உங்களுக்கு நஷ்டம்தான்.

இரண்டாவது ஓட்டுநருக்குத் தினக் கட்டணம் உண்டு. கணவன் மனைவி என்றால் பல நிறுவனங்கள் வாங்குவதில்லை, ஆனால் பெயர் ஒப்பந்தத்தில் ஏறியிருக்க வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்தானால் காப்பீடு கைவிரித்துவிடும்.

லைசென்ஸில் விவரங்கள் ஆங்கிலத்தில் இருந்தால் பெரும்பாலும் போதும். ஆனாலும் ஆர்டிஓ-வில் படிவம் 4ஏ கொடுத்து, 1,000 ரூபாய் கட்டி, சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். ஒரு வருடம் செல்லும். அது அசல் லைசென்ஸுக்குத் துணைதான், தனியாகச் செல்லாது.

கார்டு விஷயத்தில் இரண்டு இடத்தில் சிக்கல் வரும். கார் கவுன்டரில் முன்வைப்பாகச் சில நூறு டாலரைப் பிடித்துவைப்பார்கள். ப்ரீபெய்டு ஃபாரெக்ஸ் கார்டைப் பல இடங்களில் அதற்கு ஏற்க மாட்டார்கள். ஓட்டுநர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு வேண்டும். பெட்ரோல் பங்க் இயந்திரம் ஐந்து இலக்க ஜிப் கோடு கேட்கும், இந்திய பின்கோடு ஆறு இலக்கம் என்பதால் கார்டு மறுக்கப்படும். அப்போது உள்ளே போய், பம்ப் எண்ணைச் சொல்லி, 40 டாலருக்கு என்று முன்கூட்டியே கட்டுங்கள்; குறைவாகப் பிடித்தால் மீதி திரும்பிவிடும். இரவில் ஆள் இல்லாத பங்கில் இந்த வழியும் அடைபடும். ஆகவே பகலிலேயே நிரப்புங்கள். டெத் வேலிக்குள் மூன்று இடத்தில் பெட்ரோல் கிடைக்கும், விலை கண்ணைக் கட்டும். பாரம்ப்பில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு நுழைவதுதான் முறை. ஜோஷுவா ட்ரீ பூங்காவுக்குள் பங்க்கே இல்லை.

கேள்வி: தண்ணீர் எவ்வளவு, எதில் வாங்குவது?

பூங்கா நிர்வாகம் சொல்வது ஆளுக்கு நாளுக்கு ஒரு கேலன், ஏறக்குறைய 4 லிட்டர். நான்கு பேருக்கு 16 லிட்டர். வழியில் நிரப்பிக்கொள்ள முடியும் என்பதால் எந்த நேரத்திலும் இரண்டு நாள் கையிருப்பாக 32 லிட்டர், காருக்குத் தனியாக 8 லிட்டர் இருந்தால் போதும்.

மளிகைக் கடையில் ஒரு கேலன் ஜாடிதான் மலிவு. ஆனால் பால் கேன் போன்ற மெல்லிய ஜாடியை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் மூடி ஓரம் கசியும், வெயிலில் மடிப்பு விரியும். குழாய் வைத்த இரண்டரை கேலன் பெட்டி இன்னொரு தொல்லை: வளைவில் சாய்ந்து குழாய் அடியில் மாட்டிக்கொண்டால் ஒன்பது லிட்டரும் டிக்கியில். ஆறு கேலன் பிடிக்கும் கெட்டி பிளாஸ்டிக் கேன் ஒன்றும், கையில் எடுக்க அரை லிட்டர் பாட்டில் 24 கொண்ட கட்டு இரண்டும் வாங்குங்கள். அந்தக் கேன் நிறைந்தால் 22 கிலோவுக்கு மேல் இருக்கும், டிக்கியில் வைத்துவிட்டு நிரப்புவது இடுப்புக்கு நல்லது. ஜோஷுவா ட்ரீயில் தண்ணீர் ஓரங்களில் மட்டுமே. நடுவில் உள்ள முகாம்களில் சொட்டு கிடைக்காது. ட்வென்டிநைன் பாம்ஸில் நிரப்பிக்கொண்டு உள்ளே போங்கள்.

கேள்வி: அறைகளை எப்போது பதிவு செய்வது? வேகாஸில் "ரிசார்ட் ஃபீ" என்று தனியாக வாங்குகிறார்களாமே?

2025 மே 12 முதல் அமலில் உள்ள கூட்டாட்சி விதிப்படி, ரிசார்ட் ஃபீ போன்ற கட்டாயக் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த விலையைத்தான் முதலிலேயே காட்ட வேண்டும். வரி மேலே வரலாம், கார் நிறுத்தக் கட்டணம் தனி. வேகாஸில் அந்த நிறுத்தக் கட்டணத்தையும் கேட்டுவிட்டே பதிவு செய்யுங்கள்.

டெத் வேலிக்குள் அறைகள் குறைவு, விலை அதிகம். பீட்டியிலோ பாரம்ப்பிலோ தங்கினால் மலிவு, ஆனால் தினமும் போகவர ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் போகும். விடியலும் அந்தியும்தான் அங்கே பார்க்க வேண்டிய நேரம். உள்ளே தங்கக் கொடுக்கும் கூடுதல் காசு வீணல்ல. நவம்பர் நான்காம் வியாழன் நன்றி நவிலல் விடுமுறை. அந்த வாரம் மட்டும் வேண்டாம். ரத்து செய்யக்கூடிய விலையிலேயே எடுங்கள், ஒரு மழை போதும் திட்டம் கலைய. 2023 ஆகஸ்ட் 20 அன்று ஹிலாரி புயலின் மிச்சம் ஒரே நாளில் டெத் வேலியின் ஓராண்டு மழையைக் கொட்டியது. பூங்கா திரும்பத் திறக்க அக்டோபர் நடுப்பகுதி ஆகிவிட்டது.

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா, அம்மா ஜூலையில்தான் வருகிறார்கள். காருக்குள்ளேயே இருந்து டெத் வேலி பார்த்துவிட்டு வரலாமா?

அறுபது வயதைத் தாண்டியவர்களை ஜூலையில் அங்கே அழைத்துப் போகாதீர்கள். 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான இடம். கார் ஓடும்வரை சுகம்தான், நின்றுவிட்டால் ஏசியும் நின்றுவிடும். அதைவிட முக்கியம், கடும் வெப்பத்தில் காற்றின் அடர்த்தி குறைந்து ஹெலிகாப்டர் எழும்ப முடியாது. 2024 ஜூலையில் 53 டிகிரி வெயிலில் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்கு உடல்நிலை மோசமானபோது, மருத்துவ ஹெலிகாப்டரால் வர முடியவில்லை, ஒருவர் இறந்தார்.

மற்ற மாதங்களிலும் டவுன் பாஸ் என்ற மலைக்கணவாய் போன்ற நீண்ட ஏற்றத்தில் என்ஜின் சூடேறலாம். முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு அளவில் வையுங்கள். என்ஜின் சூட்டை அது வெளியே இழுக்கும். ஓரங்கட்டி நிறுத்துங்கள். முள் சிவப்பைத் தொட்டால் என்ஜினை அணைத்துவிடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

கேள்வி: முதலுதவிப் பெட்டியில் தனியாக ஏதாவது?

பல் அகலமான ஒரு சீப்பும் ஒரு குறடும். ஜோஷுவா ட்ரீயில் சோயா (cholla) என்ற கள்ளியின் முள்ளுருண்டை லேசாக உரசினாலே ஒட்டிக்கொள்ளும். முள் நுனியில் பின்னோக்கிய செதில்கள் இருப்பதால் கையால் இழுத்தால் அந்தக் கையிலும் ஏறும். சீப்பை உருண்டைக்கும் தோலுக்கும் நடுவில் செருகி, ஆளில்லாத பக்கமாகச் சட்டென்று தெறிக்கவிட்டு, மிச்ச முட்களைக் குறடால் ஒவ்வொன்றாக இழுங்கள். செருப்போடு அந்தக் கள்ளிகளுக்கு நடுவே போகாமல் ஷூ போட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினை வராது.