புதுப் பாட்டுகளில் பாடகரின் குரல் ஏன் இயந்திரம் போலக் கேட்கிறது?

அது ஓட்டோ-டியூன், 1997இல் வந்த மென்பொருள். எண்ணெய் தேடுவதற்காக நிலத்தடி அதிர்வலைகளை ஆராய்ந்த அன்டி ஹில்டெபிராண்ட், அதே மாதிரிக் கணக்கைக் குரலுக்குப் பயன்படுத்தி உருவாக்கினார். சுருதி விலகினால் மெல்லத் திருத்துவதுதான் அதன் வேலை.

திருத்தும் வேகத்தைப் பூச்சியத்தில் வைத்தால் கதை வேறு. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகக் குரலுக்கு நேரமே கிடைக்காது, டக்கென்று தாவும். 1998இல் அமெரிக்கப் பாடகி செர் பாடிய ‘பிலீவ்’ பாட்டில் வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். அப்போது அது புதுமை. இப்போது பருத்தித்துறை மினிபஸ்ஸில் ஏறினால் காதல் பாட்டு, சோகப் பாட்டு எல்லாவற்றுக்கும் அதே குரல்!

எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. நல்லூர்த் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் தோடி ராகம் வாசித்தால் கிட்ட நின்று கேளுங்கள். அதில் காந்தாரம் என்ற ‘க’ சுரம் ஓரிடத்தில் நிற்காது, மேலும் கீழும் ஊஞ்சலாடும். ராகத்தின் உயிரே அந்த அசைவுதான். சினிமாப் பாட்டின் சங்கதிகளும் அப்படித்தானே? அதைப் பிழை என்று எடுத்து மென்பொருள் நேராக்கிவிடுகிறது.

அப்புறம் இன்னொரு கோபம், பாட்டைப் பதிவு செய்யும்போது மெல்லிய இடம், உரத்த இடம் என்றில்லாமல் எல்லாவற்றையும் ஒரே சத்தத்துக்கு அழுத்துவது. இரண்டு பாட்டிலேயே காது களைத்துவிடும்.