வாட்ஸாப்பை விட்டு நகராத அலுவலகம்: டீம்ஸை எப்படிப் பழக்குவது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தொழிற்சாலை, குன்னூரில் அலுவலகம். 40 பேருக்கு மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் (அலுவலகப் பேச்சையும் கோப்பையும் ஓரிடத்தில் வைக்கும் செயலி) வாங்கி ஓராண்டு ஆகிறது. ஆளாளுக்கு அதில் ஒரு டீம் (குழு) திறந்து வைத்திருக்கிறார்கள். வேலை மட்டும் வாட்ஸாப்பில்தான் ஓடுகிறது. போன வாரம் மேலாளர் ஒருவர் விலகினார். அவர் அனுப்பிய கோப்புகள் இப்போது திறக்க மறுக்கின்றன. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: கோப்புகளிலிருந்து ஆரம்பியுங்கள், அதற்குக் கெடு இருக்கிறது. டீம்ஸ் சாட்டில் அனுப்பும் கோப்பு, அனுப்பியவருடைய ஒன்டிரைவில்தான் (அவர் கணக்குக்கான ஆன்லைன் சேமிப்பிடம்) கிடக்கும். அவர் கணக்கை நீக்கினால், வேறு ஏற்பாடு செய்யாத வரை, ஒன்டிரைவ் 30 நாள்தான் அப்படியே இருக்கும். கணக்கை மீட்கவும் அதே 30 நாள்தான். இன்றைக்கே நிர்வாகி பக்கத்தில் நீக்கிய பயனர்கள் பட்டியலைத் திறந்து அந்தக் கணக்கை மீட்டு, தேவையான கோப்புகளை சேனலின் (டீமுக்குள் ஒரு தலைப்புக்கான இடம்) ஃபைல்ஸ் பகுதிக்கு மாற்றுங்கள். சேனலில் போடும் கோப்பு ஷேர்பாயின்டில், அதாவது டீமின் பொதுச் சேமிப்பிடத்தில், சேரும். போட்டவர் வேலையை விட்டாலும் அது டீமின் சொத்து. அலுவலகத்துக்கு ஒரே ஒரு விதி போடுவதாக இருந்தால், 'கோப்பு சேனலில், பேச்சு சாட்டில்' என்பதைப் போடுங்கள்.

அடுத்தது பழக்கம். எல்லா வேலையையும் கொஞ்சம் கொஞ்சமாக டீம்ஸுக்கு மாற்றப் பார்ப்பதால்தான் பெரும்பாலும் இது படுக்கிறது. ஒரே செய்தி இரண்டு இடத்திலும் வந்தால், பழகிய இடத்தில் பார்த்துவிட்டு மற்றதை மூடிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு வேலையை மட்டும் எடுத்து, முழுசாக மாற்றுங்கள். உங்களுக்குக் கொழுந்து வரத்து பொருத்தமாக இருக்கும்: தினமும் நடப்பது, பலர் கை படுவது, தவறினால் அன்றே தெரிவது. எந்த லைனிலிருந்து (கொழுந்து சேகரிக்கும் வழித்தடம்) எத்தனை கிலோ வருகிறது என்று தெரிந்தால்தான் டீ மேக்கர் (தேயிலைத் தயாரிப்பைக் கவனிப்பவர்) வித்தரிங் ட்ரஃப்களை (கொழுந்தை வாடவைக்கும் தொட்டிகள்) எப்படி நிரப்புவது என்று முடிவு செய்ய முடியும்.

'கொழுந்து வரத்து' என்று ஒரு சேனல். நாளுக்கு ஒரு பதிவு. அதை காலையில் அலுவலகம் போடும். ஒவ்வொரு லோடும் அதற்குக் கீழே ரிப்ளையாக வரவேண்டும். புதுப் பதிவாகப் போட ஆரம்பித்தால் இரண்டே நாளில் எது எந்த நாள் கணக்கு என்று தெரியாமல் போகும். வாசகம் இப்படி இருந்தால் போதும்: 'கட்டபெட்டு லைன், 2ஆவது லோடு, 840 கிலோ, எடை போட்ட நேரம் 4.10, ஈரம் அதிகம்.' எடை போட்ட நேரத்தைக் கையால் எழுதச் சொல்லுங்கள். பள்ளத்தில் சிக்னல் இல்லாமல் மேட்டுக்கு வந்த பிறகு அனுப்பினால், டீம்ஸ் காட்டுவது அனுப்பிய நேரம். எடை போட்ட நேரம் அதில் இருக்காது.

'மெசேஜ் வந்ததே தெரியவில்லை' என்பது நிச்சயம் வரும் புகார். காரணம் உண்டு: சேனலில் வரும் சாதாரணப் பதிவுக்கு, அமைப்பை மாற்றாத வரை, போன் மணி அடிக்காது. இரவு ஷிஃப்ட் ஆட்களைச் சேர்த்து டீமில் ஒரு டேக் (பலரை ஒரே பெயரில் அழைக்கும் வசதி) உருவாக்கி, அவசரத்துக்கு மட்டும் @ போட்டு அதை அழையுங்கள். எல்லாவற்றுக்கும் @ போட்டால் ஒரு வாரத்தில் எல்லோரும் மணியை அணைத்துவிடுவார்கள்.

பயிற்சி என்று ஹாலில் உட்கார வைக்க வேண்டாம். எடை போடும் கொட்டகையில், சூப்பர்வைசரின் சொந்த போனில், ஒரு லோடு பதிவு போடவைத்தால் போதும், 20 நிமிட வேலை. உண்மையில் ஆட்கள் சிக்குவது லாகினில். புது போன் வாங்கினால் ஆதென்டிகேட்டர் (லாகினை உறுதி செய்யும் செயலி) பதிவு பழைய போனோடு போய்விடும். பழைய போன் கையில் இல்லாவிட்டால், பெரும்பாலும் நிர்வாகி மறுபதிவு கேட்கும்படி செய்ய வேண்டியிருக்கும். இதற்கு யாரைக் கூப்பிடுவது என்ற பெயரும் எண்ணும் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கட்டும்.

கடைசித் தடை பெரும்பாலும் மேனேஜர்தான். வரத்து பற்றி வாட்ஸாப்பில் கேட்டால் அவர் வாட்ஸாப்பிலேயே பதில் சொல்லும் வரை எந்தச் சுற்றறிக்கையும் செல்லாது. 'சேனலில் இருக்கிறது' என்பது மட்டுமே அவர் பதிலாக இருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து வாட்ஸாப் குழுவில் அட்மின் மட்டும் எழுதும்படி அமைப்பை மாற்றுங்கள். அழிக்க வேண்டாம். மண் சரிந்து ரோடு அடைபட்டால் டீம்ஸ் கணக்கே இல்லாத லாரி டிரைவருக்கும் தகவல் போக வேண்டுமே.

எத்தனை பேர் லாகின் செய்தார்கள் என்ற அறிக்கையை வைத்துத் திருப்திப்படாதீர்கள். அன்றைய எடைச் சீட்டுகளை எண்ணுங்கள், சேனலில் வந்த ரிப்ளைகளை எண்ணுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் அடுத்த வேலையை மாற்றலாம்: இயந்திரப் பழுதுப் பதிவோ, விறகு இருப்போ.

இனி நிர்வாகம். டீம்ஸ் நிர்வாகி பக்கத்தில் 'மேனேஜ் டீம்ஸ்' பட்டியலில் ஒவ்வொரு டீமுக்கும் ஓனர் (டீமின் பொறுப்பாளர்) எண்ணிக்கையைப் பாருங்கள். பூஜ்யம் இருந்தால் உடனே ஆள் போடுங்கள். ஒன்று இருந்தால் இரண்டாக்குங்கள். அந்த இரண்டாமவர் எளிதில் மாறாத பதவியில் இருப்பவராக இருந்தால் நல்லது. பயன்பாட்டு அறிக்கையை 90 நாளுக்கு வைத்துப் பார்த்து, அசையாமல் கிடக்கும் டீம்களை ஆர்க்கைவ் செய்யுங்கள். அதில் படிக்கலாம், எழுத முடியாது, வேண்டும்போது திரும்ப எடுக்கலாம். டெலீட் செய்தால் மீட்க 30 நாள்தான்.

டீம் திறக்கும் உரிமை வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் எல்லோருக்கும் உண்டு. அதைச் சிலருக்கு மட்டும் என்று கட்டுப்படுத்த என்ட்ரா ஐடி (மைக்ரோசாஃப்டின் பயனர் கணக்கு நிர்வாகச் சேவை) பி1 உரிமம் வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365 பிளான்களில் பிசினஸ் பிரீமியத்தில் அது அடக்கம், பிசினஸ் பேசிக்கில் இல்லை. 40 பேர் அலுவலகத்துக்கு இதற்காகவே பிளானை மாற்றச் சொல்ல மாட்டோம். மாதம் ஒரு முறை ஒருவர் பட்டியலைப் பார்த்து, புதிதாக முளைத்ததற்கு ஓனரையும் காரணத்தையும் கேட்டாலே அடங்கிவிடும்.

வெளியாட்களில் மட்டும் கறாராக இருங்கள். குன்னூர் ஏலப் புரோக்கரைத் தொழிற்சாலை டீமில் கெஸ்டாக (வெளியாள் கணக்கு) சேர்த்தால், அந்த டீமின் எல்லா ஸ்டாண்டர்டு (டீமில் எல்லோருக்கும் திறந்த) சேனலும் அவர் கண்ணில் படும், கொழுந்து விலை உட்பட. அவருக்குத் தனி டீம் திறந்து, ஏல கேட்டலாக்கும் விலைப் பட்டியலும் மட்டும் அங்கே போகட்டும். ஒப்பந்தம் முடிந்த அன்றே கெஸ்ட் கணக்கையும் எடுத்துவிடுங்கள்.