கடவுச்சொல் கேட்காத எஸ்எஸ்எச்: நீலகிரியிலிருந்து சில கேள்விகள்

குன்னூர், தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கர்: பசுந்தேயிலை எடைக் கணக்கைத் தினமும் கோயம்புத்தூர் சர்வருக்கு அனுப்புகிறோம். கடவுச்சொல் தட்டாமல் அனுப்ப வழி உண்டா ஐயா?

பதில்: உண்டு. எஸ்எஸ்எச் என்பது தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி; அதில் கடவுச்சொல்லுக்குப் பதில் சாவி வைக்கலாம். உங்கள் கணினியில் எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையால் எட்25519 வகைச் சாவி ஒன்றை உருவாக்குங்கள். இரண்டு கோப்புகள் கிடைக்கும். பொதுச்சாவியை யாருக்கும் காட்டலாம். தனிச்சாவி அந்தக் கணினியை விட்டு வெளியேறவே கூடாது. எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி கட்டளை பொதுச்சாவியைச் சர்வரின் ஆத்தரைஸ்டு-கீஸ் கோப்பில் (நுழைய அனுமதி பெற்ற சாவிகளின் பட்டியல்) சேர்த்துவிடும்; அதற்காகக் கடைசியாக ஒருமுறை கடவுச்சொல் கேட்கும். பிறகு உள்ளே நுழையும்போதுகூடத் தனிச்சாவி சர்வருக்குப் போவதில்லை. அதைக் கொண்டு இட்ட கையொப்பம் மட்டுமே போகிறது. சர்வர் அதைப் பொதுச்சாவியால் சரிபார்க்கிறது.

கோத்தகிரி: எல்லாம் செய்தும் கடவுச்சொல் கேட்கிறதே?

பதில்: அனுமதிகளைப் பாருங்கள். சர்வரில் எஸ்எஸ்எச் கோப்புறைக்கு 700 (உரியவருக்கு மட்டும் எல்லா அனுமதியும்), ஆத்தரைஸ்டு-கீஸ் கோப்புக்கு 600 (உரியவர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்). உங்கள் முகப்புக் கோப்புறையில் பிறர் எழுத முடிந்தாலும் சர்வர் சாவியை ஏற்காது. காரணத்தை உங்களிடம் சொல்லாமல் தன் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும்.

கூடலூர்: எனக்கும் அதே சிக்கல். 777 கொடுத்தும் சரியாகவில்லை.

பதில்: 777 என்றால் யாரும் எழுதலாம்; அதைக் கொடுத்ததுதான் சிக்கலே. கோத்தகிரிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஊட்டி, கல்லூரி ஆய்வகப் பொறுப்பாளர்: தனிச்சாவிக்குக் கடவுத்தொடர், அதாவது சாவிக் கோப்பைத் திறக்கும் சொல், கட்டாயமா?

பதில்: ஆம். தினமும் ஒருமுறை தட்டினால் போதும். எஸ்எஸ்எச்-ஏஜென்ட் என்ற பின்னணி நிரல் திறந்த சாவியை நினைவில் வைத்துக்கொள்ளும்.

குன்னூர்: மன்னிக்க வேண்டும் ஐயா. எங்கள் கணக்கு நள்ளிரவில் தானாகப் போகிறது. ஆடி மழையில் மின்சாரம் போய் வந்தால் கணினி மறுபடி தொடங்கும். அந்நேரம் கடவுத்தொடர் தட்ட யார் இருக்கிறார்கள்?

ஊட்டி: அதற்காக வெறும் சாவியா? கணினி திருட்டுப் போனால் சர்வரும் சேர்ந்து போகும்.

குன்னூர்: ஆளே இல்லாத இடத்தில் ஏஜென்ட்டால் என்ன பயன்?

பதில்: இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் இருவருமே ஒரே சாவியை வைத்து வாதாடுகிறீர்கள். ஆள் நுழையும் சாவிக்குக் கடவுத்தொடர் வேண்டும். இயந்திரம் நுழைவதற்குத் தனிச் சாவி, கடவுத்தொடர் இல்லாமல், ஆனால் கைகால் கட்டி. ஆத்தரைஸ்டு-கீஸில் அந்தச் சாவியின் வரிக்கு முன்னால் 'ரெஸ்ட்ரிக்ட்' என்று சேர்த்து, எந்த முகவரியிலிருந்து வரலாம், எந்த ஒரே கட்டளை ஓடலாம் என்றும் எழுதிவிடுங்கள். திருடியவனால் எடைக் கணக்கை அனுப்ப முடியும், வேறெதுவும் முடியாது.

ஊட்டி: பொய்க் கணக்கு அனுப்பினால்?

பதில்: அனுப்பலாம். அதைப் பிடிப்பது கணக்கர் வேலை.

பந்தலூர்: எஸ்எஸ்எச்சின் வழக்கமான வாசல் எண்ணான போர்ட் 22-ஐ மாற்றினால் பாதுகாப்புதானே?

பதில்: கண்டபடி தட்டிப் பார்ப்பவர்களால் பதிவேட்டில் சேரும் இரைச்சல் குறையும், அவ்வளவுதான். கடவுச்சொல் நுழைவை அணைப்பதே பாதுகாப்பு. அணைக்கும் முன் ஓர் இணைப்பைத் திறந்தே வைத்து, இன்னொன்றில் சாவியால் நுழைந்து பாருங்கள். உங்களையே வெளியே பூட்டிக்கொண்டால் பர்லியாறு வளைவுகளில் இறங்கி சர்வர் இருக்கும் ஊருக்கே போக வேண்டியதுதான்.

குந்தா: சர்வரின் அடையாளம் மாறிவிட்டது என்று எச்சரிக்கிறது. என் கணினியில் அதற்கென்று பதிந்துள்ள பழைய வரியை அழிக்கலாமா?

பதில்: முதலில் சர்வர் பொறுப்பாளரைத் தொலைபேசியில் கேளுங்கள். புதிதாக நிறுவியிருந்தால் சர்வர் சாவியின் கைரேகையை (அதன் சுருக்க அடையாளம்) அவரிடம் ஒப்பிட்டுவிட்டு அழியுங்கள். நிறுவவில்லை என்றால் நடுவில் யாரோ இருக்கலாம்; நுழையாதீர்கள்.

கூடலூர்: நண்பரும் நுழைவதற்காகத் தனிச்சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சரிதானே?

பதில்: இல்லை! அதற்கு இணையான பொதுச்சாவியின் வரியைச் சர்வரிலிருந்து இன்றே நீக்குங்கள். நண்பர் தன் கணினியில் தனக்கென்று ஒரு சாவி உருவாக்கி, பொதுச்சாவியை மட்டும் உங்களுக்கு அனுப்பட்டும்.