பிளேடு உடைகிறதா என்று பார்க்கவா பறக்கிறார்கள்?

அன்புள்ள ஐயா,

ஹெலிகாப்டருக்குப் புது ரோட்டர் பிளேடு செய்தால், சான்றிதழுக்காக மாதக்கணக்கில் பறந்து சோதிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டாயிற்று, தரையில் சுழற்றியும் பார்த்தாயிற்று. அப்புறம் எதற்கு? உடைகிறதா என்று பார்க்கவா?

ஒரு வாசகர், ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

உடைத்துப் பார்ப்பதெல்லாம் தரையில்தான். வானத்தில் அளப்பது, பிளேடு எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பதை.

நடுத்தர ஹெலிகாப்டரில் பிளேடு நுனி மணிக்குச் சுமார் 780 கி.மீ. வேகத்தில் சுற்றும். ஹெலிகாப்டர் 250-இல் போனால், முன்னே வரும் பிளேடின் நுனியில் மோதும் காற்று 1,030. பின்னே போகும் பக்கம் வெறும் 530. ஒவ்வொரு சுற்றிலும் இந்த ஏற்ற இறக்கம் உண்டு. விநாடிக்கு ஐந்து சுற்று என்றால் மணிக்கு 18,000 முறை. கம்பியை மடக்கி மடக்கி முறிக்கிறோமே, அதே சங்கதிதான். தரையில் கட்டிச் சுழற்றினால் இது வராது.

அதனால் பிளேடின் அடிமுதல் நுனிவரை நகத்தளவு ஸ்ட்ரெயின் கேஜ்களை, அதாவது பிளேடு எவ்வளவு நீள்கிறது, வளைகிறது என்று அளக்கும் உணரிகளை, ஒட்டுகிறார்கள். சுழலும் தலையிலிருந்து ஸ்லிப் ரிங் (சுழலும் பாகத்திலிருந்து நிலையான பாகத்துக்கு மின்சைகையைக் கடத்தும் வளையம்) வழியாக அளவுகள் கீழே பதிவுக்கருவிக்கு வரும். பைலட் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார், சாய்ந்து திரும்புவார், எஞ்சின் சக்தியைக் குறைத்துவிட்டு ரோட்டரின் சுழற்சியிலேயே இறங்குவார். எடையை மாற்றி, உயரத்தை மாற்றி மறுபடியும் அதே வேலை. பார்க்க அலுப்புத்தான். ஆனால் 250 என்று வேக எல்லை வாங்க வேண்டுமானால் 278 வரை போய்க் காட்டியாக வேண்டும். காட்டியதில் 90 சதவீதத்துக்கு மேல் தரமாட்டார்கள்.

1986 ஆகஸ்ட் 11 அன்று இங்கிலாந்தில் புதுவகை பிளேடு மாட்டிய லிங்க்ஸ் என்ற ஹெலிகாப்டர் மணிக்கு 400.87 கி.மீ. வேகத்தில் பறந்து உலக சாதனை படைத்தது. பிரமாதம், சரி. ஆனால் அந்தச் சில நிமிட ஓட்டத்தை வைத்து பிளேடின் ஆயுளைச் சொல்ல முடியாது.

ஆயுளைச் சொல்வது ஆய்வகம். வானத்தில் அளந்த சுமையை அங்கே பிளேடு துண்டுகளுக்குக் கொடுத்து, லட்சக்கணக்கான முறை ஆட்டுகிறார்கள். உலோகமாக இல்லாமல் கலப்பு இழையில் (பிசின் ஊட்டிய நாரிழையில்) செய்ததானால், வேண்டுமென்றே அடித்துச் சேதப்படுத்திய துண்டையும் ஆட்டிப் பார்ப்பார்கள். கணக்கில் இன்னொன்றும் சேரும்: ரோட்டரை ஓட்டி நிறுத்தும் ஒவ்வொரு முறையும் பிளேடை வெளியே இழுக்கும் விசை முழுதாக ஏறி இறங்குகிறது. ஒரே மணிக்கணக்கு பறந்திருந்தாலும், அடிக்கடி இறங்கி ரோட்டரை நிறுத்தும் ஹெலிகாப்டரின் பிளேடு அதிகம் தேயும். அதனால்தான் சில பாகங்களுக்கு எத்தனை முறை இறங்கியது என்பதையும் ஏட்டில் எழுதி வைக்கிறார்கள்.